எண்ணெய் ஒட்டாத உருளைக்கிழங்கும் என் முகூர்த்தப் புடவையும்

என் கணவர் உருளைக்கிழங்கை வெடிக்கவைத்துப் பெரிய மனிதர் ஆன கதையைக் காஞ்சிபுரத்தில் பலரும் சொல்வார்கள். அதில் என் முகூர்த்தப் புடவை மட்டும் வராது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தார். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவார்கள். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டார்கள். பசிக்கும். காபி கொடுக்கலாம், பஜ்ஜி கொடுக்க முடியாது. எண்ணெய்க் கையோடு மாப்பிள்ளையின் அத்தை ஒரு முந்தானையைத் தடவிப் பார்த்தால் போதும், அதை அப்புறம் யாரும் வாங்க மாட்டார்கள். இதைப் பல வருடம் பார்த்துப் பார்த்து இவருக்கு ஞானம் பிறந்தது. வேலையை விட்டார். எங்கிருந்தோ ஒரு மெஷினை வாங்கிவந்து வீட்டின் பின்கட்டில் வைத்தார்.

உருளைக்கிழங்கு மாவில் செய்த சின்ன வில்லையைச் சூடான அச்சில் வைத்து அழுத்தினால், படாரென்று வெடித்து உப்பிக்கொண்டு வெளியே வரும். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. ருசியும் கிடையாது என்று நான் சொன்னது அந்தச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.

கறை படாது என்றால் பட்டுக் கடை முதலாளிகள் சும்மா நம்புவார்களா? கண்ணால் பார்க்க வேண்டும். சோதித்துப் பார்க்கப் பட்டுப் புடவை வேண்டும். அது என் பீரோவில் இருந்தது. சந்தன நிற உடல், அரக்குக் கரை. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நெய்த என் அப்பா, எனக்கென்று தறியில் உட்கார்ந்து நெய்தது. ஒரு கல்யாணத்துக்குக் கட்டலாம் என்று தேடினால் காணோம். அது அப்போது கடை கடையாகப் போய்க்கொண்டிருந்தது. இவர் உப்பிய வில்லையைத் தின்றுவிட்டு, அதே விரல்களை என் முந்தானையில் தேய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதாங்க?" என்றேன்.

"கேட்டா மட்டும் வேணாம்னா சொல்லப்போற? ஒண்ணும் ஆவாதுமா. பாரு, எப்படிப் பளபளன்னு இருக்குது!"

உண்மையில் ஒன்றும் ஆகவில்லை. கடைகள் ஒவ்வொன்றாக வாங்க ஆரம்பித்தன. பாக்கெட்டுக்குப் பெயர் வந்தது, 'பட்டில் ஒட்டாது' என்ற வாசகம் வந்தது. வெற்றி தலைக்கேறியதும் மசாலாவும் வந்தது. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் போட்ட மசாலா. அதை எடுத்துக்கொண்டு ஊரிலேயே பெரிய கடைக்குப் போனார். பழக்க தோஷம், தின்றார், தேய்த்தார். முந்தானையின் நடுவில் அழகாக நான்கு விரல்கள் பதிந்துவிட்டன.

வீட்டுக்கு வந்து சொன்னார்: "புதுப் பொடவைக்கு ஓரத்துல மஞ்சள் வெக்கறது வழக்கந்தானேமா. லேட்டா வெச்சதா நெனச்சுக்கோ."

நான் அழுதேன். கறைக்காக மட்டும் அழவில்லை. தேய்த்துக் காட்டட்டுமா என்று பதினோரு கடை முதலாளிகளிடம் அனுமதி கேட்ட மனுஷருக்கு, பக்கத்து அறையில் இருந்தவளிடம் கேட்கத் தோன்றவில்லையே என்றுதான் அழுதேன். மசாலா ரகத்தை அந்தக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறும் உப்பு ரகத்தை மாதாமாதம் அனுப்பச் சொல்லிவிட்டார். ஆக, அதிலும் அவருக்கு லாபம்தான். புடவையைக் கறை உள்ளே போகும்படி மடித்து வைத்தேன். சில வருடம் வெளியே எடுக்கவில்லை.

பிறகு ஊருக்கு வெளியே ஷெட் போட்டு, பெரிய மெஷின் வாங்கி, திறப்பு விழாவும் வைத்தார். பட்டுக் கடை முதலாளிகள் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் புடவையைத்தான் கட்டியிருந்தேன். நான்கு விரல்களும் நன்றாகத் தெரியும்படி முந்தானையை விரித்து விட்டிருந்தேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மெல்ல என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"முந்தானையக் கொஞ்சம் மடிச்சு வுடட்டுமா?"

அந்தப் புடவையைத் தொட அவர் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு விளக்கை ஏற்றினேன்.