ஊசிமூக்கனுக்குப் போட்ட மட்டி

எங்கள் வீட்டுக்காரர் ஓஸ்வால்டைக் காய்கறி வாங்க அனுப்பினால், அவர் திரும்பி வந்ததும் பையைத் திறக்கவே எனக்குப் பயம். கடையில் நல்ல தக்காளி கூடை கூடையாகக் கிடக்கும். இவர் அடிபட்டது, நசுங்கியது, காம்புப் பக்கம் வெடித்தது என்று தேடிப் பொறுக்கி எடுத்து வருவார். கேட்டால், "நாம எடுக்கலைன்னா தூக்கிப் போட்டுடுவான் மௌரீன்" என்பார். தூக்கிப் போடட்டுமே! கடைக்காரனுக்கு இல்லாத கவலை இவருக்கு எதற்கு?

முப்பத்து மூன்று வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்த மனுஷன். லிஃப்ட் பாதியில் நின்று யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால், கதவு இடுக்கில் வாயை வைத்து அவர்களோடு பேசிக்கொண்டேதான் ஸ்பேனரைத் திருப்புவாராம். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மத்தியானம் என்ன சாப்பாடு என்று எல்லாம் கேட்பாராம். ரிட்டயர் ஆன அன்று அவருடைய மேனேஜர் இதைச் சொல்லிச் சிரித்தார். வீட்டில் என்னோடு அவ்வளவு பேசியதில்லை. இப்போது மீன்தொட்டிக் கண்ணாடியில் வாயை வைத்துப் பேசுகிறார்.

லிங்கராஜபுரத்தில் எங்களுடையது சின்ன வீடு. ஹாலில் ஒரே ஒரு பெரிய ஜன்னல். அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டு நாலடி நீளத்துக்கு உப்புத் தண்ணீர்த் தொட்டி. ஜன்னலோரம் தொட்டி வைக்கக் கூடாது, பாசி பிடிக்கும் என்று அவருக்கே தெரியும். பிளக் பாயின்ட் அங்கேதான் இருக்கிறதாம். பத்து மாடிக்கு ஒயர் இழுத்தவருக்கு எதிர்ச்சுவருக்கு எட்டடி ஒயர் இழுக்க ஏழு வருஷமாக நேரம் கிடைக்கவில்லை.

அந்த ஜன்னல் எனக்கு வேண்டும். நான் கோவிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளை ஃப்ராக் தைப்பவள். ஈஸ்டர் முடிந்தால் வரிசையாக ஆர்டர் வரும். மிஷின் தையலை எப்படியோ சமாளித்துவிடுவேன். கழுத்தைச் சுற்றி முத்து வைப்பது கைவேலை. ஐம்பத்தெட்டு வயதில் பெட்ரூம் டியூப்லைட்டில் வெள்ளைத் துணியில் வெள்ளை முத்து கோத்துப் பாருங்கள், தெரியும். போன வருஷம் ஒரு ஃப்ராக்கில் முத்து கோணலாகப் போய், முழுக் கழுத்தையும் பிரித்துத் தைத்தேன். அன்று உட்கார்ந்து அழுதேன்.

இந்த வருஷம் தவக்காலத்தின் ஐந்தாம் வாரம், திங்கட்கிழமை, பிளாஸ்டிக் பையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு மீன். வெள்ளை உடம்பில் செம்பு நிறப் பட்டைகள், முதுகுத் துடுப்பில் கண் மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு, முன்னால் நீளமாக ஊசிமூக்கு. அழகில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேர் எதிரே நின்று பார்த்தால் உடம்பென்று ஒன்றுமே இல்லை. வயிறு உள்ளே ஒட்டிப்போய், தலைக்குப் பின்னால் பள்ளம் விழுந்திருந்தது.

"கடையில நாலு இருந்துச்சு. மூணு நல்லாருக்கு, அது எப்படியும் வித்துடும். இது வந்ததுலேருந்து ஒண்ணும் சாப்பிடலையாம்."

"அந்த மூணுல ஒண்ணை வாங்கறதுக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?"

"சாப்பாடு போட்டா சரியாயிடும்" என்றார்.

இந்த வசனம் எனக்குப் புதிதல்ல. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் மஞ்சள்காமாலையில் கிடந்து எழுந்திருந்தேன். முப்பத்தெட்டு கிலோ. இவருடைய அம்மா என் எதிரிலேயே, "பொண்ணு ரொம்ப இளைச்சிருக்காளேடா" என்றார்கள். அதற்கு இவர் சொன்ன பதிலும் இதேதான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்று என் எடை எழுபத்தாறு.

ஆனால் மீன் விஷயத்தில் அவருக்கு அந்த ராசி இல்லை. போன ஒரு வருஷத்தில் மட்டும் நாலு மீன் செத்துப்போனது. நாலும் கடைக்காரன் கழித்துப் போட்டவை. ஒவ்வொன்று சாகும்போதும் இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு நின்றவரிடம் சத்தம் போட்டேன்.

"இது வீடா, கல்லறைத் தோட்டமா? இதுவும் போயிட்டா என்ன செய்யறதா உத்தேசம்?"

மிதந்த பையை ஒரு விரலால் நிறுத்தினார். பிறகு, "இதுவும் போயிட்டா தொட்டியை வித்துடறேன். ஜன்னல் உனக்கு" என்றார். வாசலுக்கு மேலே மாட்டியிருக்கிற திருஇருதய ஆண்டவர் படத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அப்படிப் பார்த்துச் சொன்ன வார்த்தையை அவர் மீற மாட்டார்.

அன்றிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது. என் ஃப்ரீசரில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் உறைந்த இறால் கட்டிகள் வந்து உட்கார்ந்தன. சமையலறை மேடையில் உப்புத் தண்ணீர் பாட்டில் ஒன்றில் காற்றுக் குழாயைச் செருகி, தூசி அளவு இறால் குஞ்சு பொரித்தார். ஒருநாள் பூண்டுச் சாற்றில் ஊறவைத்த இறாலைப் போட்டார். வாசனைக்குப் பசி எடுக்குமாம், யாரோ போனில் சொன்னார்களாம். ஒரு நாளைக்கு ஐந்து தரம், சிட்டிகை சிட்டிகையாகப் போடுவார். மீன் பக்கத்தில் வரும், ஒரு கண்ணால் சாய்ந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும். மிச்சம் அழுகித் தண்ணீர் கெடாமல் குழாய் போட்டு உறிஞ்சி எடுப்பார். தொட்டியில் ஏற்கெனவே இருந்த இரண்டு கோமாளி மீன்களும் எல்லாவற்றையும் பிடுங்கித் தின்கின்றன என்று நடுவே ஓட்டை போட்ட பலகை வைத்து அவற்றை ஒதுக்கினார். புது மீன் ஆள் நடமாட்டத்தைப் பார்த்து மிரளக் கூடாது என்று கண்ணாடியில் பேப்பர் வேறு ஒட்டினார். ஜன்னலில் இருந்து வந்த கொஞ்சம் வெளிச்சமும் போச்சு.

"உங்க ஊசிமூக்கன் நம்மளவிட ஜாஸ்தி ஒருசந்தி விரதம் இருக்கான். சாமியார்கிட்ட சொல்லி மெடல் வாங்கிக் குடுங்க" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. குருத்து ஞாயிறு வந்தது, மீனின் வயிறு இன்னும் உள்ளே போயிருந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் அவர் பாட்டுக்குழு பயிற்சிக்குப் போயிருந்தபோது டேப்பை எடுத்து ஜன்னலை அளந்தேன். மிஷின் மேஜை சரியாகப் பொருந்தும், பக்கத்தில் முத்து டப்பாக்களுக்கு அரையடி மிஞ்சும். அளந்து முடித்துத் திரும்பினால் பேப்பர் இடுக்கு வழியாக அந்த மீன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெரிய வியாழனன்று மீன் கடைக்குப் போனேன். ஈஸ்டருக்கு எங்கள் வீட்டில் மட்டிக் குழம்பு உண்டு, ஓட்டோடு வரும் கடல் சிப்பி அது. கடைக்கார லட்சுமம்மா மங்களூரிலிருந்து வந்த மட்டியைக் கூடையோடு காட்டி, கன்னடம் கலந்து சொன்னாள்.

"நாளைக்கு லோடு இல்லக்கா, சனிக்கிழமையும் டவுட்டு. எல்லாம் உசுரோட இருக்கு நோடி. உப்புத் தண்ணில போட்டு வைங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது."

வீட்டுக்கு வந்து பிரியாணி பரிமாறும் கண்ணாடிப் பாத்திரத்தில் மட்டியைக் கொட்டினேன். ஓஸ்வால்ட் மீனுக்கென்று கலக்கி வைத்திருந்த உப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். பாத்திரம் தொட்டிக்குப் பக்கத்து ஸ்டூலிலேயே இருந்துவிட்டது. அன்று சாயங்காலம் கத்திகளையும் அரிவாள்மணையையும் பழந்துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். என் மாமியார் வைத்த சட்டம் அது. பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கத்தி எடுக்கக் கூடாது. மாமிசம், மீன் எதையும் வெட்டவோ சமைக்கவோ கூடாது. அன்றைக்குக் கஞ்சியும் துவையலும்தான், துவையலுக்கு வேண்டியதையும் முந்தின நாளே நறுக்கி வைத்துவிட வேண்டும். மாமியார் போய்ப் பதினோரு வருஷமாகிறது. இப்போது அது என்னுடைய சட்டம். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சிலுவைப்பாதை முடித்து வந்ததும் அவர் தொட்டியில் கொஞ்சம் இறால் குஞ்சு விட்டார். மீன் அடியில் ஒரு கல்லின் ஓரம் சாய்ந்தாற்போல நின்றது. செவுள் மட்டும் ஆடியது. அவர் நெடுநேரம் குந்தியிருந்து பார்த்தார்.

"நாளைக்குத் தாண்டாது மௌரீன்" என்றார். "ஈஸ்டர் போகட்டும். தொட்டியை எடுத்துக்க ஆள் பாக்கறேன்."

வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மத்தியான வழிபாட்டில் பாடப் புறப்பட்டுவிட்டார். எனக்கு முழங்கால் வீக்கம், நான் போகவில்லை. ஹாலில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தேன். இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிக்கவில்லை, தொட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம். மறுபடி டக்.

எழுந்து போய்ப் பார்த்தேன். ஸ்டூலிலிருந்த பாத்திரத்தில் மட்டிகள் வாய் திறந்து நாக்கை நீட்டியிருந்தன. ஸ்டூலைப் பார்த்த பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பேப்பர் ஈரத்தில் உரிந்து தொங்கியது. காலையில் கல்லோரம் சாய்ந்து கிடந்த மீன் அந்த இடத்துக்கு வந்து, மட்டியைப் பார்த்துக் கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருந்தது. உடம்பில் தெம்பில்லை. கொத்தியதும் பின்னால் சரியும், மறுபடி நிமிர்ந்து வரும்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. அட மடையா! இத்தனை நாள் நாங்கள் மேலேயிருந்து தூவிக்கொண்டிருந்தோம். இதற்கு அந்த மூக்கைக் கொடுத்ததே இடுக்கில் விட்டு நோண்டித் தின்னத்தான். இதன் முன்னால் ஓட்டோடு வைத்திருக்க வேண்டும்.

மட்டியைக் கையில் எடுத்தேன். உடனே வாயை மூடிக்கொண்டது. நகத்தால் முயன்றேன், அசையவில்லை. வெந்நீரில் போட்டால் திறக்கும், ஆனால் அதுவும் சமையல்தானே! கத்தி வேண்டும். கத்தி பரணில் இருக்கிறது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை, அதுதான் விஷயம். பெரிய வெள்ளிக்கிழமை கத்தி எடுக்கவில்லை என்று யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. அவரே சொல்ல மாட்டார். நாளை மத்தியானம் கத்தியை இறக்கும்போது மீன் செத்திருக்கும், அடுத்த வாரம் ஜன்னல் எனக்கு. முத்து டப்பாக்கள் எங்கே வைப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். உள்ளே டக் என்றது. வர வரச் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது.

"சனியனே, இன்னைக்குத்தானா உனக்குப் பசிக்கணும்!" என்று கத்திவிட்டு, ஸ்டூலிலிருந்த பாத்திரத்தைத் தரையில் இறக்கினேன். வீங்கிய முழங்காலோடு ஸ்டூலில் ஏறினேன். பரணிலிருந்து மூட்டையை இறக்கித் துணியை அவிழ்த்தேன். சுவரில் மாட்டியிருந்த மாமியார் படத்தின் பக்கம் நான் திரும்பவே இல்லை. ஒரு மட்டியின் இடுக்கில் கத்தி நுனியை விட்டுத் திருப்பினேன். பிளந்த பாதியைத் தொட்டிக்குள் விட்டு, மணலில் சாய்த்து வைத்தேன். பிறகு தொட்டிக்கு முன்னால் முழங்கால் படியிட்டேன். மணி மூன்று. கோவிலில் அன்று மணி அடிக்க மாட்டார்கள். மரக்கட்டையைத் தட்டும் சத்தம் தெருவரை கேட்டது.

மீன் அதைச் சுற்றி ஒரு தரம் வந்தது. இரண்டாவது தரம் நின்றது. மூக்கை ஓட்டின் ஓரத்தில் விட்டு ஒரு நார் இழுத்தது. துப்பவில்லை. மறுபடி இழுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் மறைக்க வேண்டும், நன்றாகவே அழுதேன். அரை மணி நேரத்தில் பாதி ஓடு காலி. இன்னொன்றைப் பிளந்து வைத்தேன்.

ஓஸ்வால்ட் வந்தபோது நான் அங்கேயேதான் இருந்தேன். அவர் முதலில் ஸ்டூலின் மேல் கிடந்த கத்தியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடைசியாகத்தான் தொட்டியைப் பார்த்தார்.

"மௌரீன், இன்னைக்குப் போயா..."

"ஒண்ணும் பேசாதீங்க. பாவசங்கீர்த்தனத்துல நானே போய்ச் சொல்லிக்கறேன். மட்டி ரெண்டு கம்மி, ஞாயித்துக்கிழமை குழம்புல உங்க பங்கைக் குறைச்சுக்கறேன்."

அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்திருந்த மனுஷன், அப்போதும் கஞ்சி கேட்கவில்லை. மீன் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எதிர்ச்சுவருக்கு ஒயர் இழுத்துடறேன்" என்றார். "இப்பவே தொட்டியை அசைச்சா மிரண்டு சாப்பாட்டை விட்டுடும். வயித்துல கொஞ்சம் சதை பிடிக்கட்டும். தொட்டி அந்தப் பக்கம், ஜன்னல் உனக்கு. எப்போன்னு நீயே சொல்லு."

ஈஸ்டர் திங்கட்கிழமை ஒயரை இழுத்துவிட்டார். அதன் பிறகு தினமும் காலையில் நான் இரண்டு மட்டி பிளந்து வைக்கிறேன். லட்சுமம்மா எனக்கென்று தனியே எடுத்து வைக்கிறாள். நான் மட்டி பிளக்கும் நேரத்தில் அவர் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பத்து ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்துவிடுவார். இந்த வருஷம் ஒன்பது ஃப்ராக் தைத்துக் கொடுத்தேன். எல்லாம் பெட்ரூம் டியூப்லைட்டில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டார், "இப்போ மாத்தலாமா மௌரீன்?"

நான் குனிந்து பார்த்தேன். ஊசிமூக்கன் மட்டி ஓட்டுக்குள் மூக்கை விட்டு இழுத்துக்கொண்டிருந்தான். வயிறு உருண்டையாக இருந்தது, தலைக்குப் பின்னால் இருந்த பள்ளம் போன இடம் தெரியவில்லை.

"இன்னும் இளைச்சுத்தான் இருக்கான்" என்றேன். "கொஞ்ச நாள் போகட்டும்."