பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கண்டக்டர் குரல்

என் வீட்டுக்காரருக்கு நடுக்கு வாதம் வந்தபோது கையை விட அதிகமாகக் கெட்டது குரல்தான். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாக அத்திப்பள்ளி வரை போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். "ஏறு ஏறு, ஹத்ரி ஹத்ரி, எக்கண்டி எக்கண்டி" என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அவர் போடும் சத்தத்தில் மடியில் தூங்கும் பிள்ளைகள் விழித்து அழும். அப்பேர்ப்பட்டவர் சோற்றுக்கு உப்புக் கேட்டால்கூட நான் அவர் வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

உப்பையாவது நான் ஊகித்துக்கொள்வேன். பாவத்தை யார் ஊகிப்பது? எங்கள் மாதா கோவில் பங்குச் சாமியாருக்கும் வயதாகிக் காது மந்தமாகிவிட்டது. அந்தத் தவக்காலத் தொடக்கத்தில் இவர், பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முட்டி போட்டு உதட்டை அசைத்தார். சாமியார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆண்டவருக்குக் கேட்டிருக்கும், போய் வாரும்" என்று ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இவருக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து என் காதில் முணுமுணுத்தார்: "அவரு காதுல விழாத பாவத்த அவரு எப்படிமே மன்னிப்பாரு? டிக்கெட் கிழிக்காம ஆள ஏத்தின மாதிரி இருக்குது."

பாவத்தோடு நன்மை, அதாவது ஆண்டவரின் உடலான அப்பம், வாங்கமாட்டேன் என்று பிடிவாதம். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு ஞாயிறன்று நன்மை வாங்காமல் இருந்துவிட்டு, அடுத்த பாஸ்குவுக்கு உயிரோடு இல்லாமல் போனால் என்ன செய்வது என்று அழுதார். எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுத்தும் சிறுத்துச் சிறுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டிருந்தது. எனக்கும் ஜெபமாலையை உருட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வழி, மருந்துக்குப் போன இடத்தில் கிடைத்தது. டிஸ்பென்சரி சிஸ்டரம்மா நடுக்கு வாதக்காரர்களையெல்லாம் வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார். மாத்திரை வாங்கிய பிறகும் எங்களை வீட்டுக்கு விடமாட்டார். வேப்பமரத்தடியில் பெஞ்சுபோட்டு, "ஒருத்தர் கஷ்டத்த ஒருத்தர் பேசுங்க" என்பார். புளி மண்டி வைத்திருந்த பாய் தம் மனைவியோடு வருவார். தளியிலிருந்து ஒரு கன்னடக்காரம்மா புருஷனோடு வருவார். நோய்க்காரர்கள் மூவரும் கோயில் சிலை போல அசையாத முகத்தோடு உட்கார்ந்திருக்க, பார்த்துக்கொள்கிறவர்கள் நாங்கள்தான் ஓயாமல் பேசுவோம்.

ஒரு வியாழன் புளி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று வாசல் வழியாகப் போனது. அதுவரை தண்ணீர் கேட்கக்கூடச் சத்தம் வராத பாய், "ஒருதரம்! ரெண்டுதரம்!" என்று போட்டார் பாருங்கள் ஒரு கூச்சல். வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டான்.

"பாத்தீங்களாக்கா? மூட்டயக் கண்டா தொண்ட திறக்குது. என்னக் கண்டா மட்டும் அடச்சிக்குது" என்றார் பாய் வீட்டம்மா.

"எங்க ஊட்லயும் அப்டித்தா. மாட்ட கூப்ட சொன்னா நல்லா கூப்புடுது, நா கேட்டா பேசல்ல" என்றார் தளிக்காரர். உடனே அவர் மனைவி நிரூபித்துக் காட்டுவது போல, "பா! பா!" என்று கத்தினார். எங்கிருந்தோ ஒரு மாடு பதிலும் கொடுத்தது.

அவரவர் தொழில் சத்தத்தில் குரல் ஒளிந்திருக்கிறது என்று சிஸ்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அன்று முதல் மரத்தடி சந்தைக்கடையானது. பாய் ஏலம் விட, தளி அம்மா மாடு கூப்பிட, இவர் பஸ் கிளப்புவார். பிறகு அதே குரலில் சாதாரணப் பேச்சைப் பேசவேண்டும். "ஏறு ஏறு, ஹத்ரி ஹத்ரி, ஏமே, மோர் குடு!" என்று இவர் கேட்ட அன்று நான் மோரை மடியில் கொட்டிக்கொண்டேன். தாழ்த்திப் பேசவும் பழக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாஸ்குவுக்கு முந்திய பெரிய வாரத்தில் கோவில் நிறையக் கூட்டம். இவர் தொட்டியருகே முட்டி போட்டு, மூச்சை இழுத்து, "பாவியான என்னை ஆசீர்வதியும் சாமி!" என்றார். பாஸ்குப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

"நல்லாக் கேக்குது, சொல்லும்!" என்று சாமியாரும் சந்தோஷத்தில் கத்தினார்.

"பொஞ்சாதி குடுத்த கஷாயத்தச் செம்பருத்திச் செடிக்கு ஊத்தினேன் சாமி!"

செடி ஏன் பட்டுப்போனதென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆட்டை அல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!

"மச்சான் விருந்துக்குக் கூப்பிட்டப்பல்லாம் கால் கட்டிக்கிச்சு, நடக்க வரலன்னு பொய் சொன்னேன்! கால் நல்லாத்தான் இருந்துச்சு! அவரு வரப்பு கேஸ் கதயக் கேக்க முடியல சாமி!"

மச்சான் என்றால் என் அண்ணன். எனக்குப் பின்னால் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"இன்னும் உண்டா?"

"என்னக் குளிப்பாட்டி, வாயத் தொடச்சி, அவ தேஞ்சி போறா. இவளுக்குப் போயி என்னக் கட்டி வெச்சியேன்னு ஆண்டவர்கிட்ட சண்ட போட்டேன் சாமி!"

எனக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்க்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாவசங்கீர்த்தனத்தில் காதில் விழுந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் இவரே அதை வேப்பமரத்தடியில் பலமுறை சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தவர். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்று எனக்கும் உத்தரவு கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அதனால் எழுதுகிறேன்.

பாவத்துக்குப் பரிகாரமாகச் சாமியார் கொடுத்த அபராதமும் கோவில் முழுக்கக் கேட்டது: "மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லும்! மச்சான் வீட்டுக்குப் போய் ஒருவேளை சாப்பிட்டு, அந்தக் கதைய முழுசாக் கேளும்!"

பாஸ்கு ஞாயிறு பூசையில் இவர் நன்மை வாங்கினார். நாக்கு நடுங்கியது. சாமியாரின் விரலும் வயதில் நடுங்கியது. இரண்டு நடுக்கமும் ஒத்துப்போகும்வரை நான் பக்கத்தில் மூச்சு விடாமல் நின்றேன். ஆண்டவர் பத்திரமாக நாக்குக்குப் போய்ச் சேர்ந்தார்.

வெளியே வந்தால் வாசலில் அண்ணன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "ஊட்டுல கறி வெந்துட்டிருக்குது. கால் வருமா, வராதா?" என்றார்.

"வருது மச்சான்" என்று இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே கேட்டார்: "கேஸு இப்ப எந்தக் கோர்ட்டுல இருக்குது?"

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தார்.