தீப்பெட்டியில் ஒரு டென்னிஸ் வீரர்

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. மதுரை வண்டிக்குக் காத்திருக்கிறேன். உச்சி வெயில், டீயில்கூடக் கரிசல் புழுதி. கடை டிவியில் நம் நாட்டு டென்னிஸ் அணி அயல்நாட்டு அணியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது. போன வருஷம் ஆடியதற்கான பணம் வராமல் இனி ஆட மாட்டேன் என்று நம்முடைய முதல்நிலை வீரர் விலகிவிட்டார்.

எதிரே வேட்டி கட்டிய தீப்பெட்டி ஆலை முதலாளி மேசையை அறைகிறார். "நாட்டுக்கு ஆடுததுக்குத் துட்டு கேக்கான் பாருங்க அண்ணாச்சி! வெக்கமா இல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் மகளும் மாநில அணிக்கு ஆடுகிறாள். மட்டையும் ரயில் டிக்கெட்டும் என் செலவு. கேட்டால், ஆடுவதே பெருமைதானே என்கிறார்கள்.

அவர் தம் ஆலைத் தீப்பெட்டியை எடுத்து பீடி பற்றவைக்கிறார். லேபிளில் மட்டையை ஓங்கி நிற்பது அதே வீரர்.

"இது அவர்தானே?"

"அவனேதான். வடக்க இந்த லேபிளுக்குத்தான் சரக்கு பறக்குது."

"படம் போட்டதுக்கு அவருக்கு என்ன கொடுத்தீங்க?"

"அவனுக்கு எதுக்குக் குடுக்கணும்? நாடு பூரா அவன் மூஞ்சியக் கொண்டு சேக்கோம்லா. அவனுக்குப் பெருமைதான?"

என் வண்டி வந்துவிட்டது. அந்தத் தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுகிறேன்.

"அண்ணாச்சி, அது என் பெட்டிலா! வேணும்னா ரெண்டு ரூவா வச்சிட்டுப் போங்க."

"எதுக்கு? உங்க பெட்டியை மதுரை வரைக்கும் கொண்டுபோறேன். உங்களுக்குப் பெருமைதானே?"