ஐஸில் வைக்காதீர்கள்: உத்திரமேரூரிலிருந்து சென்னை ஆய்வகத்துக்கு

என் அக்காவின் மூளைக்குள் கிருமியை ஏற்றியது மருத்துவமனைதான். கட்டியை எடுத்த ஒன்பதாம் நாள் காய்ச்சல், கழுத்து விறைப்பு, பிதற்றல். மூளை உறையில் தொற்று. அங்கே சோதித்த எந்த மருந்துக்கும் கிருமி அடங்கவில்லை. மிச்சம் ஒரே மருந்து. அது கேட்குமா என்று பார்க்கும் சோதனை சென்னையில்தான். போன வாரப் பயணம் அதற்காக.

மருத்துவமனை உத்திரமேரூரிலிருந்து ஆறு கிலோமீட்டர். தலையில் செருகிய குழாயிலிருந்து எடுத்த நீரைச் சிறு புட்டியில் அடைத்து, காலை 9.10க்கு என்னிடம் கொடுத்தார்கள். "சீக்கிரம் போங்க" என்றார் நர்ஸ். அவ்வளவுதான்.

வாசலில் ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் புட்டியைப் பார்த்தார். "இன்னா நைனா அது?"

"அக்காவோட மூளைத் தண்ணி."

"ஐஸ் இல்லாமலா எட்த்துக்கினு போற? மீனே நாறிப்பூடும்பா."

எனக்கும் சரியென்றே பட்டது. தடுப்பூசிகூட ஐஸ் பெட்டியில்தானே வருகிறது. சோடாக் கடையில் பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கிப் புட்டியைப் புதைத்தேன். செங்கல்பட்டுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம், அங்கிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரம். முழுக்க நின்றுகொண்டே.

ஆய்வகத்தில் இருந்த பெண் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "யாரு சார் ஐஸ்ல வெக்கச் சொன்னது? கிருமி குளிர்ல செத்துட்டா நாங்க எதை வளத்துப் பாக்குறது? புதுசா எடுத்துட்டு வாங்க."

மறுநாள் குழாயை மறுபடி திறந்தார்கள். ஒவ்வொரு திறப்பும் இன்னொரு கிருமிக்கு வழி என்று டாக்டரே சொன்னார். அன்று அக்காவுக்கு என்னை யாரென்று தெரியவில்லை.

மருத்துவமனை வாசலில் அதே ஆட்டோக்காரர், தன் மச்சானின் காரோடு. ஐஸால் கெட்டதை முந்தின நாள் திரும்பும்போது அவரிடம் சொல்லியிருந்தேன். "நாந்தான் பேஜார் பண்ணிட்டேன். டீசல் மட்டும் போடு, குந்து." புட்டி என் சட்டைக்குள். ஏசி போடவில்லை. தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டு மணி ஐந்து நிமிடம்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது: அந்த மருந்து கேட்கும். இப்போது நரம்பு வழியாகவும் குழாய் வழியாக நேராகத் தலைக்குள்ளும் செலுத்துகிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து என்பதால் தினமும் ரத்தப் பரிசோதனை. நேற்று அக்கா என்னைப் பார்த்து "சாப்ட்டியாடா?" என்றாள்.

உங்களுக்கும் இப்படிப் போக நேர்ந்தால் பேருந்தை நம்பாதீர்கள், கார் எடுங்கள். ஐஸ் வேண்டாம், வெயிலும் வேண்டாம். புட்டி கைக்கு வருமுன் ஆய்வகத்துக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். மருத்துவமனை சொல்லாது.

நேற்று மாலை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன்.

"ஆபரேஷன் அறையிலா, ஐசியூவிலா? எங்க ஏறுச்சு இந்தக் கிருமி? எழுதிக் குடுங்க."

அவர் மணியை அழுத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.