ஜெபக்கார வீட்டு வாரிசு

துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து பேன்ட்டுகளின் நீளத்தைக் குறைப்பது அவர் வேலை. மனிதர்கள் நினைத்துக்கொள்ளும் உயரத்துக்கும் நிஜ உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வெட்டியெடுத்தே இருபத்தாறு வருடம் பிழைத்தவர். கல்யாணம் கூடிவரவில்லை. சபையில் அவருக்குப் பெயர் 'ஜெபக்காரர்'.

அது அவர் சம்பாதித்த பெயரல்ல, வீட்டோடு வந்தது. அப்பா விடிகாலையில் முழங்காலில் விழுந்தால், எழுப்பிவிடச் சூரியனே வந்தாக வேண்டும். அம்மா, தெரிந்த நோயாளிகளையெல்லாம் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். அந்த வீட்டு ஜெபம் வீண்போகாது என்று சபையே சொல்லும். இருவரும் போன பிறகு அந்த நம்பிக்கை அப்படியே மகன் பெயருக்கு மாறிவிட்டது. சம்மதமா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

அவர் முயலாமல் இல்லை. அம்மாவை அடக்கம் செய்த வாரம் கட்டிலோரம் முழங்கால் போட்டு வாயைத் திறந்தார். அப்பாவின் ஏற்ற இறக்கத்தோடு, "நாங்கள் குடும்பமாக உம்மைத் துதிக்கிறோம்" என்று வந்தது. குடும்பத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு துண்டு. எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு ஐந்து வருடம் முழங்காலுக்கு ஓய்வு.

விண்ணப்பங்கள் மட்டும் ஓயவில்லை. ஆராதனை முடிந்ததும் சீட்டு எழுதிக் கையில் திணிப்பார்கள். சிலர் ஆல்டரேஷனுக்கு வரும் பேன்ட் பையிலேயே வைத்து அனுப்புவார்கள்: இடுப்பை ஓர் இஞ்ச் பிடிக்கவும், மகளுக்கு வேலை கிடைக்கவும். இடுப்பைப் பிடித்துக் கொடுத்துவிடுவார். சீட்டு பட்டன் டப்பாவுக்குப் போகும். மறுக்க வாய் வரவில்லை. சீட்டு கொடுக்கிற சாக்கில்தானே நாலு பேர் பேசுகிறார்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர் இல்லை. ஜெபக்காரருக்கு என்ன குறை இருக்கப்போகிறது?

கடையின் கேஷியரம்மாவும் அதே சபை. அவள் மகன் கோபித்துக்கொண்டு போய் இரண்டு வருடம். அவன் ஒரு போன் பண்ண வேண்டும் என்று அவன் போன மாதமே அவள் கொடுத்த சீட்டும் டப்பாவில் கிடந்தது. ஒரு திங்கட்கிழமை அவள் பின்னறைக்கு ஓடிவந்தாள். மகன் பேசிவிட்டானாம், முக்கால் மணி நேரம். வரும் ஞாயிறு சபையில் எழுந்து நின்று, எல்லாம் ஜெபக்காரர் அண்ணன் ஜெபத்தால் என்று சாட்சி சொல்லப்போகிறாளாம்.

தலையை ஆட்டியிருந்தால் போதும், மிச்ச ஆயுளுக்கும் அந்தப் பெயர் பத்திரம். ஏனோ தலை ஆடவில்லை.

"நான் ஜெபம் பண்ணலம்மா. ஒரு நாள்கூட."

தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் டப்பாவைத் திறந்து காட்டினார். பிரிக்காமலே கிடந்தது அவள் சீட்டு.

"ரெண்டு வருஷமா நான் தூங்கினதே, எனக்காக நீங்க முழிச்சிருக்கீங்கன்னு நம்பித்தாண்ணே" என்றாள். சத்தம் போடவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு வருவதற்குள் செய்தி சபைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த வேகத்தில் ஜெபங்கள் போனால் பரலோகத்தில் நிலுவையே இருக்காது. யாரும் திட்டவில்லை. கை குலுக்கினார்கள், கையில் காகிதம் இல்லை. போதகர் வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மத்தியானம் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு கால் சாக்ஸைக் கழற்றினார். மற்றதைக் கழற்றத் தோன்றவில்லை. முழங்கால் போடவில்லை, கண்ணை மூடவில்லை. அப்பாவின் வாசகங்கள் தொண்டை வரை வந்தன, விழுங்கிவிட்டார். பிறகு தன் சொந்தக் கட்டைக் குரலில் சொன்னார்:

"இன்னைக்கு என்கிட்ட யாரும் பேசல. அதான் வந்தேன்."

அதற்கு மேல் சொல்ல அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எதிரே ஒருத்தர் இருக்கிறார் என்பதில் மட்டும் சந்தேகம் வரவில்லை. அது அந்த வீட்டில் வளர்ந்த பழக்கம். வந்த உடனே கிளம்பினால் மரியாதையாக இருக்காது என்று, அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.