உண்மைக்குப் பத்து மார்க்

மயிலாப்பூரில் நான் நர்ஸ் வேலை பழகிய ஆஸ்பத்திரியில் எங்கள் ஒழுக்கத்துக்கும் மார்க் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் தலைமை நர்ஸ் ஒரு பெரிய நோட்டைத் திறந்து உண்மை, பணிவு, பொறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போடுவார். மனசாட்சியையே தராசில் நிறுப்பதாக அவருக்கு நினைப்பு.

யுத்த காலம். தெர்மாமீட்டர் கப்பலில் வந்தால்தான் உண்டு. இரண்டாவது முறை உடைத்தவளுக்குச் சான்றிதழ் கிடையாது. அதனால் உடைத்ததை யாரும் வெளியில் சொல்ல மாட்டோம். துண்டுகளைப் பஞ்சில் சுற்றி எறிந்துவிட்டு, இன்னொன்று கைக்குக் கிடைக்கும்வரை நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சார்ட்டில் எதையாவது எழுதுவோம். நான் ஒரு அசடு. முதல் முறை உடைத்தபோது நேரே போய் ஒப்புக்கொண்டேன்.

இரண்டாவது தெர்மாமீட்டர் ஒரு புதன்கிழமை உதறும்போது கட்டில் கம்பியில் பட்டு உடைந்தது. மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தேன், நடுவில் விட்டுப் போகவும் முடியாது. அப்பா இல்லாத வீட்டில் மூன்று பேர் என் சான்றிதழை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

மணி நாலு. பிரசவமாகி ஐந்து நாளான ஒரு பெண்ணின் நெற்றியைத் தொட்டேன். மாம்பலத்துத் தையற்காரர் ஒருவரின் மனைவி. நெற்றி கொதித்தது.

“நர்சம்மா, குளிருதும்மா. உள்ளுக்குள்ள நடுங்கிக்கினே கீது” என்றாள்.

காய்ச்சல் என்று எழுதினால், “என் எதிரில் இன்னொரு தடவை பார்” என்பார் டாக்டர். எதை வைத்துப் பார்ப்பது? தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்று எழுதினேன். ஐந்து மணிக்கு டாக்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கூப்பிட்டிருக்கலாம்.

மறுநாள் காலை வேறொருத்தி பார்த்தபோது நூற்றுநாலு. பிரசவக் காய்ச்சல் என்று மருந்துகள் கொடுத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் அவள் இறந்துபோனாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல நோட்டுக்கு முன்னால் வரிசையில் நின்றோம். எனக்கு உண்மைக்குப் பத்து. பணிவுக்கு எழுதப் போகும்போது தையற்காரர் உள்ளே வந்தார்.

“பொதங்கெயம சாயங்காலம் நீதானேம்மா ஜொரம் பாத்தே? அப்ப இருந்துச்சா?”

தலைமை நர்ஸ் பேனாவை நிறுத்தினார். நான் எழுதிய சார்ட்டின் அடியில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இல்லீங்க. நார்மலாத்தான் இருந்துச்சு” என்றேன்.

தையற்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஆறு மணிக்கு நாந்தாம்மா வந்து சர்பத்து குட்த்தேன். வாய் கசக்குதுன்னுச்சு. ஐஸ் போட்டு வாங்கியாந்தேன். அப்ப அதான். நானே கொன்னுட்டேன்.”

சர்பத்தால் அந்தக் காய்ச்சல் வராது என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால், பின்னே எதனால் என்று கேட்பார். வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அதைச் சொல்லாமல் நோட்டைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.