ஐஸில் வைத்த முட்டைகள்

பார்சலில் வரும் முட்டையைப் பொரித்துக் கொடுக்கிற தொழிலில், குஞ்சு வந்தால் அது கோழியின் பெருமை. வராவிட்டால் மெஷின்காரன் குற்றம். ஓர் இன்குபேட்டரை வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே எழுதுவதில் முதல் இரண்டும் என் கண் முன்னால் நடந்தவை. தேசம்மாவின் முட்டை விஷயத்தை மட்டும் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன். முக்கியமான நேரத்தில் நான் அங்கே இல்லை. சலீம் பாய் சொல்லித்தான் தெரியும்.

எண்ணூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தேன். சலீம் பாய்க்குத் தண்டையார்பேட்டையில் கோழிக்கடை. கடையின் பின்னறையை மெஷினுக்கு விட்டுக்கொடுத்தார். அவரும் நாட்டுக்கோழி வளர்ப்பவர். அவருடைய முட்டைகளும் அதே மெஷினில்தான் இருக்கும். இதை மறந்துவிடாதீர்கள்.

முட்டைக்கு ஓய்வு

பஸ்ஸிலும் லாரியிலும் குலுங்கி வந்த முட்டையை உடனே மெஷினில் வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காற்றறை இடம் பெயர்ந்திருக்கும். கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாளாவது அசையாமல் நிறுத்தி வைக்க வேண்டும். கண்டெய்னர் லாரிகள் போகும்போது சுவரே அதிரும் ஊரில், அசையாத இடத்துக்கு எங்கே போவது? பழைய தலையணை ஒன்றைப் போட்டு அதன் மேல் அட்டையை வைப்பேன்.

கல்மண்டபத்திலிருந்து ஒருவர், பார்சலைக் கையில் பிடித்துக்கொண்டு நெரிசலான பஸ்ஸில் வந்தார். இன்றைக்கே மெஷினில் வைத்துவிடச் சொன்னார். முட்டை கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்றேன். அவர் தலையணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காலீல இருந்து நின்னுகினே வர்றேன், என்னை ஒருத்தன் குந்துன்னு சொல்லல. முட்டைக்குத் தலகாணியா நைனா!" என்றார்.

வெளுத்துப்போன கருங்கோழி

புளியந்தோப்புக்காரர் ஒருவர் போனில் படம் பார்த்துக் கருங்கோழி முட்டை வரவழைத்திருந்தார். அலகு, கால், நாக்கு எல்லாம் கறுப்பாக இருக்கும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து வெளியே வந்தவை அத்தனையும் மஞ்சள். விற்றவன் ஏமாற்றியிருக்கிறான்.

முட்டையை நான்தான் மாற்றிவிட்டேன் என்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அப்படிக் கேட்டால் என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? யாருடைய முட்டை என்று பென்சிலில் போட்ட அடையாளம் ஓட்டில்தானே இருக்கும், குஞ்சின் மேலா இருக்கும்? அவர் அதையெல்லாம் கேட்கவில்லை. ஒரு குஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, சூட்டை ஜாஸ்தியா வெச்சு கலரை வெளுக்க வுட்டுட்டியா?" என்றார்.

மீன் பெட்டி

தேசம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். ஒரு நாள் தெர்மாகோல் மீன் பெட்டியோடு வந்து நின்றார். மூடியைத் திறந்தால் உடைத்த ஐஸ். ஐஸுக்கு நடுவே முட்டைகள். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

அவருடைய கணவர் ஏழுமலையும், ஏழுமலையின் அண்ணனும் ஒரு படகைப் பங்கு பிரித்ததில் சண்டை போட்டுப் பேச்சை விட்டவர்கள். அண்ணன் நாகப்பட்டினம் போய்விட்டார். அவர்கள் அப்பா வளர்த்த கோழியின் வம்சம் அண்ணனிடம்தான் இருந்தது. திடீரென்று அந்த முட்டைகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறார். கடிதம் இல்லை, போன் இல்லை, முட்டை மட்டும். ஏழுமலை வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிற அவசரத்தில், கெடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஐஸில் வைத்தால் உள்ளே இருக்கும் உயிர் செத்துப்போகும் என்றேன். தேசம்மா என்னை முறைத்தார். "கெட்டுப்போவாம பாத்துக்கன்னாரு. ஐஸ் போடாம இன்னாத்தணா கெட்டுப்போவாம பாத்துக்குறது?" என்றார்.

ஒன்று போதும்

ஈரம் காயாத ஓட்டில் பென்சில் ஏறவில்லை. அடையாளம் போடாமல் தட்டின் ஒரு மூலையில் தனியாக வைத்தேன். ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்ததில் எல்லாமே வெறுமையாக இருந்தன. ஒன்றில் மட்டும் நிழல் போல ஏதோ தெரிந்தது. ஓடு தடிப்பு. கருவா என் ஆசையா என்று சொல்லத் தெரியவில்லை. அதை மட்டும் விட்டுவைத்தேன்.

தேசம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பாய் பக்கத்தில் கோழி வெட்டிக்கொண்டிருந்தார். கணவர் கரைக்கு வந்ததும் ஐஸ் போட்டதைச் சொல்லிவிட்டால் போகிறது, அவர் புரிந்துகொள்ள மாட்டாரா என்று கேட்டேன். "சொன்னா நம்பமாட்டாருணா. அண்ணன் வேணும்னே கூமுட்டை அனுப்பிட்டான், நீ அவனுக்கு சப்பக்கட்டு கட்றியாம்பாரு. அத்தோட அந்த வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டாரு" என்றார். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது தேசம்மா மெஷினின் கண்ணாடியில் கையை வைத்து, "ஒண்ணே ஒண்ணு வந்தா போதும்ணா. ஒரு கொரலு கேட்டா போதும்" என்றார்.

நான் இல்லாத காலை

குஞ்சுகள் ஓடு உடைக்கிற நாளில் மீஞ்சூரில் ஒரு கல்யாணம். தவிர்க்க முடியாத சொந்தம். மத்தியானம் திரும்பி வந்தபோது அந்த மூலையில் ஓர் உடைந்த ஓடும், பழுப்பில் கோடு போட்ட ஒரு குஞ்சும் இருந்தன. "வந்துருச்சு" என்றார் பாய். அவ்வளவுதான் சொன்னார். ஓட்டில் அடையாளம் இல்லை. பாயின் கோழிகளுடைய குஞ்சுகளும் பழுப்பில் கோடு போட்டவைதான். அவருடைய முட்டைகளுக்கும் நான் அடையாளம் போடுவதில்லை.

கரைக்கு வந்த ஏழுமலை, உப்பு படிந்த கையோடு நேரே கடைக்கு வந்தார். குஞ்சு வந்துவிட்ட தைரியத்தில், ஐஸ் போட்டது முதல் எல்லாவற்றையும் தேசம்மா சொல்லிவிட்டிருந்தார். குஞ்சை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து வீடியோவில் அண்ணனைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் முகம் தெரிந்ததும் நலம்கூட விசாரிக்காமல் கத்தினார்: "ஐஸ்ல போட்டும் பொழச்சிகினு வந்துகீது பாருண்ணா! நம்ம அப்பா கோழி!"

கேட்டுவிட்டேன்

அந்தக் கோழிக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கின்றன. அண்ணன் குடும்பத்தோடு வந்து போகிறார். தேசம்மா இன்னமும் காசு வாங்காமல் எனக்குச் சங்கரா மீனைத் தள்ளிவிட்டுப் போவார், நான் ஏதோ சாதித்துவிட்டதைப் போல. அதைச் சாப்பிடும்போதெல்லாம் தொண்டையில் ஒரு கேள்வி நிற்கும். ஐஸில் இருந்த முட்டை பொரிக்கவே பொரிக்காது என்றும் சொல்ல முடியாது. பெட்டியின் மேல் வரிசையில் இருந்தது தப்பியிருக்கலாம். தெரிந்து என்ன செய்யப்போகிறேன்? தெரியாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

போன வாரம் கடையில் கூட்டம் இல்லை. பாய் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். உங்கள் குஞ்சை மாற்றி வைத்தீர்களா என்று நேராகக் கேட்க வாய் வரவில்லை, மூன்று வாரத்தில் முடிகிற காரியத்தை இத்தனை வருடம் அடைகாத்தவன் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டு, கடைசியில் இப்படிக் கேட்டேன்: "பாய், அன்னிக்கு அந்தம்மா ரெண்டு குஞ்சு கேட்டிருந்தா, ரெண்டு வந்திருக்குமா?"